மேக்கா, விண்டோஸா? செராமிக் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு

விருத்தாசலம் அரசு செராமிக் கல்லூரியில் படிக்கிற, அடுத்த ஆண்டு சேரப்போகிற தம்பி தங்கைகளே,

தொழிற்பேட்டை யூனிட்டுகளுக்கு அச்சு டிசைனும், கப்பிலும் பொம்மையிலும் ஒட்டுகிற டெக்கால் டிசைனும் செய்து தருவது என் பிழைப்பு. கல்லூரி திறக்கிற சமயத்தில் உங்களில் யாராவது வந்து, "அண்ணா, மேக் வாங்கட்டுமா, விண்டோஸ் வாங்கட்டுமா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. கடை வாசலில் நின்றபடி அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் இல்லை இது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். உங்கள் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களில் பெரும்பாலானவர்களுக்கு விண்டோஸ்தான் சரி. மேக் மட்டமான பொருள் என்று நான் சொல்லமாட்டேன். சில விஷயங்களில் அதற்கு நிகர் கிடையாது, அதையும் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் நீங்கள் போகப்போகிற தொழில் எந்த மென்பொருளில் ஓடுகிறது, வீட்டில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்தால் விண்டோஸ் பக்கம்தான் தராசு சாய்கிறது.

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பாருங்கள். உங்களுக்கு அரசு லேப்டாப் வர வாய்ப்பு உண்டா? 2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்துப் போட்டுக் கொடுத்தார்கள். நம் பக்கத்து ஊர்களில் முதல்முறையாகக் கணினியைத் தொட்ட எத்தனையோ வீடுகள் அதில்தான் தொட்டன. பிறகு சில ஆண்டுகள் அது நின்றது. 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். உங்கள் வகுப்புக்கு உண்டா, எப்போது என்று கல்லூரி அலுவலகத்தில் கேளுங்கள். வரும் என்றால் காத்திருங்கள். ஏற்கெனவே கையில் இருந்தால் முதல் ஆண்டுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். அந்தப் பணத்தை வீட்டிலேயே விட்டுவையுங்கள்.

இப்போது தொழிலுக்கு வருவோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைத்த வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த ஊர் நம் ஊர். பியூஸ் கேரியர், இன்சுலேட்டர், சாமி பொம்மை, அகல் விளக்கு என்று இங்கே வார்க்கிறோம். படித்து முடித்தால் நீங்கள் இங்கேயே நிற்கலாம், ராணிப்பேட்டை சானிட்டரிவேர் ஆலைக்குப் போகலாம், குஜராத்தில் மோர்பி டைல்ஸ் ஆலைகளுக்கு ரயில் ஏறலாம். எங்கே போனாலும் சூளைக்குப் பக்கத்து அறையில் இருக்கிற கணினி விண்டோஸாகத்தான் இருக்கும். சூளையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பிஎல்சி பெட்டிக்கு புரோகிராம் எழுத சீமென்ஸ் தருகிற டிஐஏ போர்ட்டல் விண்டோஸில் மட்டும் ஓடும். சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும். 3டிஎஸ் மேக்ஸும் அப்படியே. யூனிட் கணக்கு ஏறுகிற டேலியும் விண்டோஸுக்காக எழுதப்பட்டதுதான். ஆய்வகத்தில் களிமண்ணின் துகள் அளவைப் பார்க்கிற கருவி, வெப்பத்தில் விரிவதை அளக்கிற கருவி போன்றவற்றோடு வருகிற மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸுக்குத்தான். சில இடங்களில் இன்னமும் விண்டோஸ் 7 போட்ட பழைய கணினியைக் கருவியிலிருந்து பிரிக்கப் பயந்து அப்படியே வைத்திருப்பார்கள். ஆலைப் பயிற்சிக்குப் போகும்போது உற்றுக் கவனியுங்கள்.

ஆட்டோகேட் இரண்டிலும் உண்டு. மேக்குக்கான பதிப்பு 2010-இலேயே வந்துவிட்டது. ஆனால் விண்டோஸ் பதிப்பில் இருக்கிற எல்லா வசதியும் அதில் இல்லை. பாடம் நடத்துகிற சார் காட்டுகிற மெனு உங்கள் திரையில் வேறு இடத்தில் இருக்கும். நம் ஊர்க் கடைகளில் எல்லாரும் பழகிய கோரல் டிரா பல ஆண்டுகள் மேக்கை விட்டுவிட்டு 2019-இல்தான் திரும்பி வந்தது. ஃபோட்டோஷாப், பிளெண்டர், ஃப்யூஷன் மூன்றும் இரண்டிலும் நன்றாக ஓடும்.

இந்த இடத்தில் சீனியர் யாராவது, "மேக் வாங்கிட்டு அதுலயே விண்டோஸ் போட்டுக்கலாம்டா" என்று சொல்லியிருப்பார். ஒரு காலத்தில் அது உண்மை. இன்டெல் சிப் இருந்த மேக்கில் பூட் கேம்ப் என்ற வசதியால் விண்டோஸை நேராகவே போடலாம். 2020 நவம்பரில் ஆப்பிள் தன் சொந்த எம்1 சிப்புக்கு மாறியதும் அந்த வழி அடைந்துவிட்டது. இப்போது பேரலல்ஸ் மாதிரி ஒரு மென்பொருளுக்குள் விண்டோஸை ஓட்டலாம். அது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ். சாதாரண புரோகிராம்கள் பல அதில் ஓடிவிடும். ஆனால் யுஎஸ்பியில் செருகுகிற டாங்கிள் கேட்கும் மென்பொருளும், தனி டிரைவர் கேட்கும் கருவியும் அங்கே மக்கர் செய்யும். நம் தொழிலில் அந்த இரண்டும்தான் அதிகம். இதே காரணத்துக்காக ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்பையும் இப்போதைக்கு வாங்காதீர்கள். பேட்டரி நீண்ட நேரம் நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் பழைய கருவியின் டிரைவர் அதில் ஏறாது. இன்டெல் அல்லது ஏஎம்டி என்று கேட்டு வாங்குங்கள்.

மேக் ஜெயிக்கிற இடங்களையும் சொல்ல வேண்டும். மேக்புக் ஏரில் எம்1 வந்ததிலிருந்து ஃபேன் கிடையாது. நமக்கு இது சின்ன விஷயமா? யூனிட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பால் மில்லில் கொட்டும்போதும், காய்ந்த பொம்மையின் விளிம்பைச் சுரண்டும்போதும் கண்ணுக்கே தெரியாத தூள் பறக்கும். ஃபேன் உள்ள லேப்டாப் அதை இழுத்து உள்ளே இருக்கிற செப்பு ஃபின்களுக்கிடையில் அடைத்துக்கொள்ளும். சில மாதத்திலேயே சத்தம் போடும், சுடும், வேகம் குறையும். சர்வீஸுக்கு வருகிற யூனிட் லேப்டாப்பைக் கழற்றினால் ஃபேன் மேலே வெள்ளையாக ஒரு படலம் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வரும். ஃபேன் இல்லாத மேக்புக் ஏருக்கு இந்தத் தொல்லை வராது. விண்டோஸ் வாங்குகிறவர்கள் லேப்டாப்பை வார்ப்பு ஹாலுக்குள் கொண்டுபோகாதீர்கள். நோட்டில் எழுதி, அலுவலக அறைக்கு வந்து ஏற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள்.

லேப்டாப்பைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஃபேனில் படிந்த தூளில் சிலிக்கா இருக்கிறது. அதே காற்றைத்தான் நீங்களும் மூச்சில் இழுக்கிறீர்கள். சிலிக்கோசிஸ் வந்தால் நுரையீரலில் ஏற்பட்ட தழும்பை எந்த மருந்தாலும் நீக்க முடியாது. துணியை முகத்தில் கட்டிக்கொண்டால் போதாது. தூள் வடிகட்டுகிற சரியான மாஸ்க் போடுங்கள். காய்ந்த தரையைத் துடைப்பத்தால் பெருக்க விடாதீர்கள், ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். பயிற்சிக்குப் போகிற யூனிட்டில் கேட்கக் கூச்சமாக இருந்தால் உங்கள் சாரிடம் சொல்லி அவரைக் கேட்கச் செய்யுங்கள்.

மேக்கின் மற்ற நல்ல குணங்கள்: பேட்டரி நாள் முழுக்க நிற்கும், கரண்ட் போனாலும் வேலை ஓடும். திரையில் நிறம் நம்பகமாக இருக்கும். நான்கைந்து வருடம் கழித்து விற்றாலும் ஒரு தொகை வரும். தமிழிலும் மேக் பின்தங்கியதில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவும் அஞ்சல் விசைப்பலகையும் 2005-இல் வந்த மேக் ஓஎஸ் டைகரிலிருந்தே உள்ளே இருக்கின்றன. ஆனால் நம் ஊர் அச்சகங்களில் பாமினி, வானவில் எழுத்துருக்களில் கிடக்கிற பழைய ஃபைல்களையும் பேஜ்மேக்கரில் செய்த பழைய வேலைகளையும் திறக்க விண்டோஸ்தான் கைகொடுக்கும்.

யாருக்கு மேக் என்று கேட்டால், டைல்ஸ் டிசைன், அனிமேஷன், புகைப்படம், ஐஃபோன் ஆப் எழுதுவது என்று சூளை வேலையிலிருந்து விலகி ஒரு வழியை ஏற்கெனவே பிடித்துவிட்டவர்களுக்கு. அவர்களிலும் வீட்டில் கடன் வாங்காமல் வாங்க முடிகிறவர்களுக்கு. 2025 மார்ச்சில் எம்4 மேக்புக் ஏர் வந்தபோது இந்திய விலை 99,900 ரூபாய். மாணவர் சலுகையில் பத்தாயிரம் குறைவு. அடிப்படை மாடலில் 16 ஜிபி மெமரியும் 256 ஜிபி ஸ்டோரேஜும். இரண்டும் போர்டோடு ஒட்டியவை, பிறகு கூட்ட முடியாது. 256 ஜிபி இரண்டாம் ஆண்டிலேயே நிரம்பும். பிறகு வெளியே ஒரு டிரைவைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிய வேண்டும். பழுதானால் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸுக்கு புதுச்சேரி, திருச்சி, சென்னை என்று பயணம் போக வேண்டியிருக்கும். திரை உடைந்தால் ஆகிற செலவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அந்த ஒரு லட்சம் உங்கள் வீட்டில் என்னவாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மல்லாட்டை விற்ற பணம், அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடன், அப்பா யூனிட்டில் வாங்கிய முன்பணம். நேர்முகத் தேர்வில் ஆப்பிள் சின்னம் தெரிந்தால் மதிப்பு வரும் என்று உங்களிடம் சொல்கிறார்கள். ஆலையில் ஆள் எடுக்கிற மேலாளர் உங்கள் லேப்டாப்பின் மூடியைப் பார்ப்பதில்லை. "கிளேஸ் கிரேஸிங் ஆகுது, என்ன செய்வே?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தால் வேலை.

அந்தப் பதிலை எந்த லேப்டாப்பிலும் கற்றுக்கொள்ளலாம் என்பதை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எக்செலோ இலவச லிப்ரே ஆபிஸோ திறங்கள். பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் குயவர் பெயரால் உலகமெங்கும் தெரிந்த ஒரு கிளேஸ் உண்டு. பொட்டாஷ் ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, வைட்டிங் 20, சைனா கிளே 10. ஒவ்வொன்றையும் அதன் மூலக்கூறு எடையால் வகுங்கள்: ஃபெல்ஸ்பாருக்கு 556, குவார்ட்ஸுக்கு 60, வைட்டிங்குக்கு 100, சைனா கிளேக்கு 258. ஒவ்வொன்றும் தருகிற ஆக்சைடுகளைத் தனித்தனிக் கட்டத்தில் போடுங்கள். ஃபெல்ஸ்பார் ஒன்றுக்கு ஒரு பொட்டாசியம் ஆக்சைடு, ஒரு அலுமினா, ஆறு சிலிக்கா. சைனா கிளேயில் ஒரு அலுமினா, இரண்டு சிலிக்கா. வைட்டிங்கில் ஒரு கால்சியம் ஆக்சைடு, குவார்ட்ஸில் ஒரு சிலிக்கா. பொட்டாசியத்தையும் கால்சியத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையால் எல்லாவற்றையும் வகுங்கள். பொட்டாசியம் 0.26, கால்சியம் 0.74, அலுமினா 0.41, சிலிக்கா 3.71 என்று வரும். நீங்கள் வகுப்பில் மனப்பாடம் செய்கிற செகர் ஃபார்முலா இதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் செகர் இதைப் பேனாவால் போட்டார்.

இப்போது சைனா கிளே கட்டத்தில் 10-ஐ அழித்து 20 போடுங்கள். அலுமினா 0.55 ஆகும், சிலிக்கா 4.0 ஆகும். சிலிக்காவுக்கும் அலுமினாவுக்கும் இருந்த விகிதம் 9-லிருந்து 7-க்குச் சற்று மேலே இறங்கும். கிளேஸ் கெட்டியாகும், ஓடுவது குறையும், பளபளப்பும் கொஞ்சம் மங்கும். சூளை வைக்காமலே நீங்கள் ஒரு மாற்றத்தின் திசையைப் பார்த்துவிட்டீர்கள். இதற்கு நான்கு ஜிபி மெமரி உள்ள பழைய அரசு லேப்டாப் போதும். சீனாவின் ஜிங்டேஜெனில் இருந்த டெரெக் ஆவ் தொடங்கிய கிளேஸி என்ற தளத்தில் ஆயிரக்கணக்கான கிளேஸ்கள் இந்தக் கணக்கோடு இலவசமாகக் கிடைக்கின்றன. அது பிரவுசரில் ஓடுவது, செல்போனில்கூடத் திறக்கும்.

அச்சு டிசைனுக்குக் கொஞ்சம் வலுவான இயந்திரம் வேண்டும். பிளெண்டரில் பொம்மை செய்து, எஸ்டிஎல் ஃபைலாக மாற்றி, 3டி பிரிண்ட் எடுத்து, அதன்மேல் பிளாஸ்டர் அச்சு வார்க்கிற வேலை வளர்ந்துகொண்டு வருகிறது. இதற்குக் கை பழகினால் இந்த ஊரிலேயே உங்களுக்குச் சோறு உண்டு. இதில் பலர் சறுக்குகிற இடம் சுருக்கக் கணக்கு. களிமண் காய்ந்து சுட்ட பிறகு 12 சதவீதம் சுருங்கும் என்று வையுங்கள். சுட்ட பொம்மை 10 செ.மீ. வேண்டும். 12 சதவீதம் கூட்டி 11.2 செ.மீ. என்று அச்சுக்கான மாஸ்டர் செய்தால் சூளையிலிருந்து 9.86 செ.மீ.தான் வரும். 10-ஐ 0.88 ஆல் வகுக்க வேண்டும், மாஸ்டர் 11.36 செ.மீ. பொம்மைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பியூஸ் கேரியரில் பித்தளைத் துண்டு உட்காரவேண்டிய பள்ளத்துக்குத் தெரியும், ஆர்டர் மொத்தமும் திரும்பி வரும்.

இந்த வேலைக்கெல்லாம் என்ன வாங்குவது? ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி மெமரி, 512 ஜிபி எஸ்எஸ்டி. மெமரியில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 8 ஜிபி மட்டும் கட்டுப்படியாகிறது என்றால், பிறகு கூட்டிக்கொள்ள ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் மாடல் எண்ணை எழுதி வாங்குங்கள். டச் ஸ்கிரீன், விரல்ரேகை, கீபோர்டில் கலர் விளக்கு எதற்கும் காசு கொடுக்காதீர்கள். மிஞ்சுகிற பணத்தில் ஒரு நல்ல மவுஸும், பேக்கப் எடுக்க ஒரு வெளி டிரைவும். மவுஸ் இல்லாமல் ஆட்டோகேட் பழகினால் மணிக்கட்டு வலிக்கும்.

கடையில் "எல்லா சாஃப்ட்வேரும் போட்டுத் தர்றேன்" என்று கிராக் செய்ததை ஏற்றிக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வைரஸ் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது, பென் டிரைவில் ஏறி யூனிட் கணினிக்கும் போகும். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ஆட்டோகேட், ஃப்யூஷன் இரண்டையும் படிப்புக்கென்று இலவசமாகத் தருகிறது, கல்லூரி அடையாள அட்டை போதும். பிளெண்டர், இன்க்ஸ்கேப், ஃப்ரீகேட், லிப்ரே ஆபிஸ் என்றைக்கும் இலவசம்.

பழைய லேப்டாப் வாங்குவதில் அவமானம் எதுவும் இல்லை. ஆனால் தேதி பார்த்து வாங்குங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தருகிற வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 முறையாக ஏற, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய சிப்பும், டிபிஎம் 2.0-உம் வேண்டும். அதற்கு முந்தையதை மலிவாகத் தந்தால், லினக்ஸ் போட்டு ஓட்டத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். பழைய மேக் என்றால் இன்டெல் சிப் உள்ளதைத் தொடாதீர்கள். மேக் ஓஎஸ் டஹோவோடு அவற்றுக்குப் புதிய பதிப்புகள் முடிகின்றன என்று ஆப்பிளே 2025-இல் சொல்லிவிட்டது. எம்1 ஏர் நல்ல நிலையில் கிடைத்தால், அதுவும் டிசைன் பக்கம் போகிறவராக இருந்தால், யோசிக்கலாம். ஆனால் விற்கிறவர் உங்கள் கண்ணெதிரில் தன் ஆப்பிள் ஐடியிலிருந்து வெளியேறி, முழுக்க அழித்து, முதல் திரை வரைக்கும் கொண்டுவந்து காட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் கைமாறிய மேக் பூட்டிக்கொண்டால் அவர் வந்து திறந்தால்தான் உண்டு. கம்பெனி பெயர் ஏதாவது திரையில் வந்தால் மேக்கோ விண்டோஸோ, எழுந்து வந்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் ஒரே லேப்டாப் என்றால் அது அண்ணனுடைய மேஜைக்குப் போய்விடுகிறது என்று உங்களில் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பாடத்திட்டத்தில் உள்ள ஆட்டோகேட் பயிற்சியை அப்பாவிடம் எடுத்துக் காட்டி, இது படிப்புக்கான கருவி, இத்தனை மணிக்கு எனக்கு வேண்டும் என்று நேராகக் கேளுங்கள். தயங்காமல் இந்த மடலையும் காட்டுங்கள்.

யூனிட் நடத்துகிற அண்ணன்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளை மூட்டை தூக்கவும் விளிம்பு சுரண்டவும் மட்டும் விடாதீர்கள். சூளை வெப்பநிலைப் பதிவை ஒரு வாரத்துக்கு எக்செலில் ஏற்றச் சொல்லுங்கள். எந்த நாளில் எந்த அடுக்கில் உடைசல் அதிகம் என்று அவர்கள் உங்களுக்கே எடுத்துச் சொல்வார்கள்.

மேலே சொன்ன செகர் ஷீட்டையும் சுருக்கக் கணக்கு ஷீட்டையும் தமிழில் தலைப்பிட்டுச் செய்து வைத்திருக்கிறேன். மேக்கிலும் திறக்கும், விண்டோஸிலும் திறக்கும். பென் டிரைவோடு சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கடைக்கு வாருங்கள். வரும்போது உங்கள் ஆய்வகத்தில் நம் ஊர்க் களிமண்ணுக்கு எடுத்த கெமிக்கல் அனாலிசிஸ் இருந்தால் கொண்டுவாருங்கள், சைனா கிளே கட்டத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஊர் டிசைன்கார அண்ணன்